செம்மறிக்கு நீலநாக்கு, வீட்டில் கைக்குழந்தை: பயப்பட வேண்டியது எதற்கு?

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்கள். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் தருகிறேன்:

"டாக்டர், எங்களிடம் வேம்பூர் ஆடு 85 உருப்படி இருந்தது. தீபாவளி கழிந்து மழை விட்ட பிறகு ஒவ்வொன்றாகக் காய்ச்சல் கண்டது. வாய், முகமெல்லாம் வீங்கி, மூக்கு ஒழுகி, நொண்ட ஆரம்பித்து இதுவரை 11 செத்துவிட்டது. அரசு டாக்டர் வந்து பார்த்துவிட்டு நீலநாக்கு என்றார். அதே கொட்டத்தில் கட்டியிருக்கும் 6 வெள்ளாட்டுக்கும் 2 மாட்டுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. அது எப்படி? மகள் பிரசவத்துக்கு வந்து இங்கேதான் இருக்கிறாள், பேரனுக்கு மூன்று மாதம். போன வாரம்தான் ரோட்டா சொட்டு மருந்து போட்டோம். என் தம்பி மகன் காலேஜில் படிக்கிறவன், ரோட்டாவும் நீலநாக்கும் ஒரே குடும்பத்து வைரஸ், உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும் என்கிறான். அதிலிருந்து தூக்கம் இல்லை. பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? வெள்ளாட்டுப் பால் அவனுக்கு ஆகுமா? மிச்சம் இருக்கிற ஆட்டை வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார், தள்ளிவிடலாமா? இப்போது ஊசி போட்டால் கேட்குமா?"

அக்கா, முதலில் பேரன். செம்மறியின் நீலநாக்கு நோய் மனிதனுக்கு வராது. பெரியவர்களுக்கும் வராது, கைக்குழந்தைக்கும் வராது. நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க இந்த ஆடுகளைத் தொட்டு, மருந்து ஊட்டி, செத்ததை அறுத்துப் பார்த்த டாக்டர்களும், மந்தையை நடத்தும் கீதாரிகளும் எத்தனையோ பேர். ஆட்டிடமிருந்து அவர்களுக்கு இந்த நோய் தொற்றியதில்லை. பிள்ளையை எங்கும் அனுப்ப வேண்டாம், இன்று ராத்திரி நீங்கள் தூங்குங்கள்.

தம்பி மகன் சொன்னதில் பாதி சரி. இரண்டும் ஒரே குடும்பம்தான், ரியோ வைரஸ் குடும்பம் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தோம். சில வருடங்களுக்கு முன் அதை இரண்டு குடும்பமாகப் பிரித்தபோதும் ரோட்டாவும் நீலநாக்கும் ஒரே பக்கம்தான் நின்றன. ஆனால் உறவு உருவத்தில்தான், போகிற பாதையில் இல்லை. வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா, குழந்தையின் மலத்திலிருந்து கை வழியாக, தண்ணீர் வழியாக இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போகிறது, குடலில் தங்குகிறது. நீலநாக்கு ஒரு பூச்சியின் வயிற்றுக்குள் போய், அது கடிக்கும்போது ஆட்டின் ரத்தத்துக்குள் இறங்குகிறது. பூச்சி இல்லாவிட்டால் அதற்குப் பெரும்பாலும் வழியில்லை. இதே உறவு வட்டத்தில் நெல்லைக் குட்டையாக்கி இலையைக் கிழிக்கும் வைரஸ் ஒன்றும் உண்டு, புகையான்தான் அதைப் பரப்புகிறது. ஒரே வகையறா என்பதற்காக வயலில் புகையான் விழுந்தால் ஆட்டுக்குக் காய்ச்சல் வருமா? அதே மாதிரிதான் இதுவும்.

"உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும்" என்பதிலும் ஒரு உண்மை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மந்தைக்கு அடுத்த வருடம் என்ன ஆகும் என்பதே அதில்தான் இருக்கிறது.

இந்த வைரஸ்களின் மரபுப் பொருள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. நம் உடம்பிலோ ஆட்டின் உடம்பிலோ நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. வழக்கமாகச் சுற்றித் திரிவதில்லை, அதனால் செல்லுக்குள் அப்படி ஒன்று கண்ணில் பட்டாலே திருடன் புகுந்துவிட்டான் என்று செல் கூச்சல் போட்டு அக்கம்பக்கத்துச் செல்களையும் எழுப்பிவிடும். இந்தக் குடும்பம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய வீடுகளில் குதிர் இருக்குமே, மேலே மூடியைப் பூசி அடைத்துவிட்டு, அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக வேண்டிய நெல்லை மட்டும் சரியவிட்டு எடுப்போமே, அப்படித்தான். வைரஸ் தன் உள்கூட்டைக் கடைசிவரை உடைப்பதே இல்லை. மூல இழைகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும், அவற்றைப் பார்த்து எழுதிய ஒற்றை இழை நகல்கள் மட்டும் சின்னத் துளை வழியாக வெளியே வந்துகொண்டிருக்கும். 1998ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் நீலநாக்கு வைரஸின் உள்கூட்டை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது குதிர்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் குதிருக்குள் மரபுப் பொருள் ஒரே இழையாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். நீலநாக்குக்கு 10 துண்டு, ரோட்டாவுக்கு 11. இரண்டு ரக நீலநாக்கு ஒரே நேரத்தில் ஒரே ஆட்டைத் தாக்கினால் துண்டுகள் இடம் மாறி, கலப்பு ரகம் ஒன்று பிறக்கலாம். உங்கள் தம்பி மகன் படித்தது இதைத்தான். ஆனால் நீலநாக்கு நீலநாக்கோடுதான் கலக்கும், ரோட்டா ரோட்டாவோடுதான். பத்துத் துண்டு வீட்டுக்காரனுக்கும் பதினோரு துண்டு வீட்டுக்காரனுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

ரோட்டாவில் மனிதரகமும் மாட்டுரகமும் கலந்தது உண்டு, அது நமக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. 1980களில் டெல்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் சிலருக்கு ரோட்டா தொற்றியும் வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த வைரஸை எடுத்துப் பார்த்தால் அது மனித ரோட்டாதான், ஒரு துண்டு மட்டும் மாட்டு ரோட்டாவிலிருந்து வந்தது. அதையே வளர்த்துச் சொட்டு மருந்தாக்கினார்கள். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. 2016ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, அடுத்த வருடமே தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்தியாவில் தயாராகும் இன்னொரு ரோட்டா மருந்திலும் மாட்டு வைரஸின் கூறு இருக்கிறது. பேரன் வாயில் விழுந்த சொட்டு இந்தக் குடும்பத்தின் குணத்தை வைத்தே குடும்பத்தை மடக்கிய வேலை. 6, 10, 14 வாரம் என்று மூன்று தவணை, ஒன்றையும் விடாதீர்கள். ஆட்டுக்கு நோய் வந்திருப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பால் விஷயம். மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் அக்கா. வெள்ளாட்டுப் பாலும் வேண்டாம், பசும்பாலும் வேண்டாம், ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூட வேண்டாம். நீலநாக்குக்குப் பயந்து சொல்லவில்லை, எந்த வருடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பெரியவர்கள் அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

நான் மாட்டு டாக்டர், பிள்ளை வைத்தியம் என் வேலை இல்லை. இருந்தாலும் கொட்டத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவே பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சினை ஆடு ஏதாவது மாதம் நிறையாமல் குட்டி வீசினால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். நீலநாக்காலும் குட்டி வீசும், புருசெல்லா போன்ற கிருமியாலும் வீசும், பார்த்தமாத்திரத்தில் எது என்று சொல்ல முடியாது. புருசெல்லா மனிதனுக்கு வரும். கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்து, நஞ்சுக்கொடியோடு ஆழமாகப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுங்கள். கொட்டத்து வேலை முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, சேலை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். மகளைக் கொட்டத்துப் பக்கம் விடாதீர்கள்.

இனி ஆடு. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார் என்றாலும் நீங்களும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வாய் வீக்கத்தை மட்டும் பார்த்தால் ஆட்டுக்கொல்லி, கோமாரி, ஆட்டம்மை என்று எதையும் நினைக்கத் தோன்றும். ஒரு ஆட்டைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பாருங்கள். குளம்பும் ரோமத்தோலும் சேருகிற விளிம்பில், மருதாணி இட்ட மாதிரி, செவ்வூதா நிறத்தில் ஒரு கோடு சுற்றிவரும். விரலை வைத்தால் ஆடு வெடுக்கென்று காலை இழுக்கும். கோமாரியில் குளம்பின் நடுப் பிளவிலும் விளிம்பிலும் கொப்புளம் வரும், நீலநாக்கில் கொப்புளம் இல்லாமல் இந்த விளிம்புக் கோடு. வலி தாங்காமல் சில ஆடு முன்னங்காலை மடக்கி முட்டி போட்டபடியே மேயும். சிலது தண்ணீர்த் தொட்டியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு குடிக்காமல் அப்படியே நிற்கும், வாய் எரிச்சலுக்கு அது ஒரு ஆறுதல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மந்தையை ஆட்டுக்கொல்லி என்று முடிவு கட்டிவிட்டேன். வயதான கீதாரி ஒருவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஆட்டின் காலைத் தூக்கி என் முன்னால் பிடித்தார். அந்தக் கோட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். புத்தகத்தில் படித்திருந்தேன், காலைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கப்புறம் காலைப் பார்க்காமல் எந்த மந்தையையும் விட்டு வந்ததில்லை.

பேர் நீலநாக்கு என்றாலும் எல்லா ஆட்டுக்கும் நாக்கு நீலமாகாது, சிலவற்றுக்குத்தான் ஆகும். வைரஸ் ரத்தக் குழாயின் உள்பூச்சில் பெருகுகிறது. குழாய் கசிகிறது, நீர் வெளியேறி உதடு, காது, தாடை எல்லாம் வீங்குகிறது. நாக்குக்குப் போகும் ரத்த ஓட்டம் தேங்கினால் நாக்கு நீலம் பாரிக்கிறது. நுரையீரலில் நீர் கோத்தால்தான் ஆடு திடீரென்று போகிறது. தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பிய மெரினோ ஆடுகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு கண்ட நோய் இது, அங்கே பண்ணைக்காரர்கள் வைத்த பேரைத்தான் நாம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பூச்சிதான் பரப்புகிறது என்று அங்கே 1944ல் நிரூபித்தார்கள். இந்தியாவில் 1964ல் மகாராஷ்டிராவில் முதலில் பதிவானது. 1997-98ல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் அடித்தது. அந்த வருடத்தை நினைவு வைத்திருக்கும் கீதாரிகள் உங்கள் பக்கமும் இருப்பார்கள்.

வெள்ளாடும் மாடும் தப்பித்தது எப்படி என்று கேட்டீர்கள். அவை தப்பிக்கவில்லை அக்கா, அவற்றுக்கும் வைரஸ் போயிருக்கத்தான் வாய்ப்பு. நம் வெள்ளாட்டிலும் மாட்டிலும் பெரும்பாலும் வெளியே காட்டாமல் வந்து போய்விடும். இந்த வைரஸ் ரத்தத்தின் சிவப்பணுவோடு ஒட்டிக்கொள்வதால் எதிர்ப்புச் சக்தி வந்த பிறகும் கொஞ்ச காலம் ரத்தத்தில் சுற்றும், சர்வதேசக் கணக்கில் 60 நாள் வரை. நன்றாகத் தின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும் அந்த மாட்டைக் கடித்த பூச்சியே பக்கத்துச் செம்மறியைக் கடித்தால் போதும். அதற்காக மாட்டை விற்க வேண்டாம், செம்மறி படுக்கும் இடத்தையும் மாடு கட்டும் இடத்தையும் ராத்திரியில் பிரித்து வையுங்கள்.

அந்தப் பூச்சியின் பேர் குலிகாய்டஸ். கொசு இல்லை, கொசுவை விட ரொம்பச் சின்னது, ஒரு மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர். கொசுவலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். மயங்கின நேரத்திலிருந்து விடிகிற வரை கடிக்கும், நம்மையும் கடிக்கும், அரிக்கும், அவ்வளவுதான். முட்டை இடுவது சாணியும் சேறும் கலந்த ஈரத்தில். உங்கள் கரிசல் மண் மழை குடித்தால் எத்தனை நாள் சொதசொதவென்று கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தொட்டிக்கடியில், கொட்டத்து ஓரத்தில், கண்மாய்க் கரையில் ஆடு மிதித்துக் குழப்பிய இடமெல்லாம் அதற்குத் தொட்டில்.

நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மழை விழுந்து பூச்சி பெருக இரண்டு மூன்று வாரம். அது நோய்வாய்ப்பட்ட பிராணியின் ரத்தத்தைக் குடித்து, வைரஸ் அதன் எச்சிலுக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள். கடித்த பிறகு ஆட்டுக்குக் காய்ச்சல் தெரிய ஒரு வாரம். ஐப்பசியில் பெய்த மழைக்குக் கார்த்திகை, மார்கழியில் ஆடு சாவது இந்தக் கணக்கில்தான். நோய் வானத்திலிருந்து விழவில்லை, ஒரு மாதத்துக்கு முன்பே கொட்டத்து ஓரச் சேற்றில் ஆரம்பித்துவிட்டது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது இடம் மாற்றுவது. மந்தையை மேட்டு நிலத்துக்கு, காற்றோட்டமான காய்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். எருவுக்காக ராத்திரி ஈர வயலில் கிடை போடுவதை இந்த ஒரு மாதம் விடுங்கள், கிடைக்கூலி போனால் போகட்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டை அடைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறின பிறகு அவிழ்த்துவிடுங்கள். சாணியைத் தினம் வாரித் தூரத்தில் குவித்து மூடிவையுங்கள். தொட்டி கசிந்தால் அடைத்துவிட்டு, சுற்றிலும் சரளை போடுங்கள். வேப்பிலை, நொச்சிப் புகை பூச்சியைக் கொஞ்ச நேரம் விரட்டும், போடுங்கள், ஆனால் புகை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதுவும் வாய்திறந்து மூச்சு வாங்குகிற ஆட்டுக்குப் பக்கத்தில் போட வேண்டாம். உடம்பில் அடிக்கும் பூச்சி மருந்தை டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் கலந்து அடியுங்கள், பருத்திக்கு அடித்து மிச்சம் இருப்பதை ஆட்டின் மேல் அடிக்கவே கூடாது.

காய்ச்சலில் இருக்கிற ஆட்டைத் தனியாக நிழலில் கட்டுங்கள். வெயில் பட்டால் இந்த நோயில் முகப்புண் மோசமாகும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. டாக்டர் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசி பின்னாலேயே வரும் நிமோனியாவைத் தடுக்கத்தான், வலி வீக்கத்துக்குத் தனி ஊசி, இரண்டையும் அவர் சொன்ன நாள் வரை போடுங்கள், இரண்டாம் நாள் ஆடு எழுந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். வாயைக் கழுவப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைக்கும்போது தண்ணீர் வெளிறிய ரோஜாப்பூ நிறத்தில் இருந்தால் போதும். கரு ஊதாவாகக் கரைத்தால் புண் வெந்துபோகும், அப்படி வெந்த வாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவியதும் போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஆடு தின்னவில்லையே என்ற கவலையில் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ கஞ்சி ஊற்றுவது நம் வழக்கம். இந்த நோயில் அது ஆட்டைக் கொல்லும். நாக்கும் தொண்டையும் வீங்கியிருக்கும், உணவுக்குழாய்த் தசையே பழுதாகியிருக்கும், விழுங்க முடியாமல் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். மறுநாள் இரைப்பு, மூன்றாம் நாள் ஆடு இருக்காது. வைரஸ் கொன்றதாக நினைப்போம், உண்மையில் பாசத்தில் நாம் ஊற்றிய கஞ்சி. உங்கள் 11 ஆட்டில் எத்தனை அப்படிப் போனதோ, அதை இனி நினைத்து வருத்தப்பட வேண்டாம், இருக்கிறதைப் பார்ப்போம். அகலமான தட்டில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ ஆறவைத்து, தரையில் வைத்து, அதுவாக நக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து தடவை. ஒரே தடவையாக நிறைய வைத்தால் வயிறு புளித்து உப்பிவிடும். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை என்று மெதுவான இலையை ஒடித்து வாய்க்கு எட்டும் உயரத்தில் வையுங்கள், முள்ளுள்ள தழை வேண்டாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஊசி என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரு சிரிஞ்சில் மருந்தை நிரப்பி ஒரே ஊசியால் வரிசையாக இருபது ஆட்டுக்குப் போடுவதை எத்தனையோ கொட்டத்தில் பார்க்கிறோம். இந்த வைரஸ் ரத்தத்தில் இருப்பது, ரத்தம் பட்ட ஊசி பூச்சி செய்யும் வேலையையே செய்யும். ஆட்டுக்கு ஒரு ஊசி. மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கினால் பெரிய செலவு இல்லை. யார் வந்து போட்டாலும், டாக்டராகவே இருந்தாலும், ஊசியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தடுப்பூசி இப்போது போட்டால் கேட்குமா என்றால், காய்ச்சல் இருக்கும் ஆட்டுக்குப் போடக் கூடாது. நன்றாக இருக்கிறவற்றுக்குப் போட்டாலும் பலன் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் பூச்சி கடித்தால் தடுக்காது. உங்கள் மந்தையில் நோய் பாதிக்கு மேல் சுற்றியிருந்தால் அலைச்சல்தான் மிச்சம். இன்னும் நோய் நுழையாத பக்கத்து ஊர் மந்தைகளுக்கு இப்போது போட்டால் பலன் உண்டு, அவர்களிடம் சொல்லுங்கள். மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

உங்களுக்கு அடுத்த ஆவணியில் போட வேண்டும், பிந்தினால் புரட்டாசி முதல் வாரம். மழைக்கு முன் போட்டு முடித்திருக்க வேண்டும். இது உலகத்தில் 24 ரகத்துக்கு மேல் இருக்கிற வைரஸ், ஒரு ரகம் வந்து பிழைத்த ஆட்டுக்கு அந்த ரகத்துக்குத்தான் எதிர்ப்பு நிற்கும், வேறு ரகம் வந்தால் மறுபடி படுக்கும். "எங்க ஆட்டுக்குத்தான் ஒருதடவை வந்துருச்சே" என்று இருந்துவிடாதீர்கள். நம்மூர்த் தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 என்று ஐந்து ரகம் சேர்த்திருக்கிறார்கள், இந்தியாவில் அதிகம் அடிக்கும் ரகங்களைப் பார்த்துத் தேர்ந்தது, அந்த வேலையில் நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லப்பட்ட வைரஸ் என்பதால் துண்டு மாறிக் கலக்கும் பயமும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ரொம்ப காலமாகப் போடுவது உயிருள்ள தடுப்பூசி, சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டியின் மூளையைப் பாதிக்கும் என்று அங்கே எச்சரிக்கை உண்டு. நம்முடையதில் அந்தச் சிக்கல் இல்லை. குட்டிகளுக்கு மூன்று மாதம் தாண்டிய பிறகு போடுங்கள். இரண்டாம் தவணை தேவையா, வருடா வருடம் எப்போது என்பதை டாக்டர் பாட்டிலைப் பார்த்துச் சொல்வார். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுவிட்டோம், அதுவே போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது வேறு வைரஸ், இதற்குக் கேட்காது.

வியாபாரி. காய்ச்சல் ஆட்டை விற்காதீர்கள். லாரியில் நெருக்கி அடைத்துக் கொண்டுபோனால் பாதி வழியிலேயே சாகும், பிழைத்தால் போகிற ஊரில் இருக்கிற பூச்சிக்கு இந்த வைரஸைக் கொடுக்கும். நன்றாக இருக்கிற ஆட்டையும் இந்த விலைக்குத் தள்ள வேண்டாம் என்பதே என் எண்ணம். வேம்பூர்ப் பொட்டாடு உங்கள் கரிசலுக்கென்றே அமைந்த இனம், நாளைக்குத் திரும்ப வாங்கப் போனால் அதே தரத்தில் பெட்டை கிடைக்காது. நோய் வந்து பிழைத்த ஆடு முதலில் எலும்பும் தோலுமாக இருக்கும், ரோமம் கொத்துக் கொத்தாகக் கொட்டும், சிலதுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகி நிற்கும். பார்த்தால் இனி தேறாது என்று தோன்றும், அந்த நேரம் பார்த்துத்தான் வியாபாரி வருவார். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். கிடாவை மட்டும் கொஞ்ச காலம் பெட்டையோடு சேர்க்காதீர்கள், விந்திலும் வைரஸ் இருக்கலாம்.

இனி ஒரு ஆடு செத்தால் புதைப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள், கால்நடை உதவி எண் 1962க்கும் அடிக்கலாம். அறுத்துப் பார்த்தால் நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயின் அடியில் ரத்தக் கசிவுத் திட்டுத் தெரியும், நீலநாக்குக்கு அது நல்ல சாட்சி. மண்ணீரலில் ஒரு துண்டும், உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் காய்ச்சல் புதிதாகக் கண்ட இரண்டு மூன்று ஆட்டின் ரத்தமும் எடுத்து ஐஸ் வைத்து, மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த ரகம் என்று தெரிந்தால் அது உங்கள் மந்தைக்கு மட்டுமில்லை, அடுத்த தடுப்பூசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கும் உதவும். ஆட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் காது வில்லையைக் கழற்றாதீர்கள், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். செத்ததையும் சாகக் கிடப்பதையும் அறுத்துத் தின்ன வேண்டாம், நீலநாக்கு வராது என்றாலும் வேறு என்ன கிருமி உள்ளே இருக்கிறது என்று தெரியாது.

தை கடந்து கரிசல் வெடிக்க ஆரம்பித்தால் பூச்சி குறையும், புதுக் காய்ச்சலும் நிற்கும். அதுவரை தினம் காலையில் நொண்டுகிற ஆடு எத்தனை, புதிதாகப் படுத்தது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பேரனின் 14ஆம் வாரத் தேதியையும் அதே நோட்டில் மேலே எழுதிக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்ததும் அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள், எத்தனை பெட்டை நிற்கிறது என்று பார்த்து ஆவணிக்கு எத்தனை டோஸ் கேட்டு வைப்பது என்று பேசுவோம்.